தங்கையின் நெஞ்சில் இருந்த சத்தம்

என் தங்கையின் நெஞ்சில் ஒரு சத்தம் உண்டு. மேசைக் கடிகாரத்தின் சத்தத்தைவிட மெல்லியது, அதைவிட வேகமானது. மின்விசிறியை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் கேட்கும். இருபது வயதில் அவளுடைய இதயத்தில் கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்தார்கள். அது ஒவ்வொரு முறை மூடும்போதும் டிக் என்கிறது.

பள்ளியில் படிக்கும்போது அவளுக்கு அடிக்கடி தொண்டை கட்டும். அது போனதும் முட்டிகள் வீங்கும். வளரும் பிள்ளைக்கு வருகிற வலிதானே என்று தைலம் தேய்த்துவிட்டோம். மூட்டில் தொடங்கி இதயத்தில் போய் உட்காரும் காய்ச்சல் அது என்று தெரியவந்தபோது வால்வு சுருங்கிவிட்டிருந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில் அவள் தூங்கவே இல்லை.

“என்னுது எனக்கே கேக்குதுக்கா. காதைப் பொத்திக்கினா இன்னும் ஜாஸ்தி கேக்குது” என்று அழுதாள்.

பிறகு பழகிவிட்டது. பழகியதும் அதை வைத்து விளையாட ஆரம்பித்தாள். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் யாராவது சுற்றுமுற்றும் பார்த்து, “இன்னா சத்தம் அது?” என்றால், “கடியாரம்ங்க. ரிப்பேருக்கு எடுத்துகினு போறேன்” என்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

செயற்கை வால்வின் மேல் ரத்தம் கட்டிக்கொள்ளும். கட்டினால் வால்வு அசையாது. அதனால் ரத்தம் உறையாமல் இருக்க தினமும் சாயங்காலம் ஒரு மாத்திரை, ஆயுள் முழுவதும். அளவு கூடினால் எங்காவது கசியும், குறைந்தால் உறையும். அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பரிசோதித்து, மாத்திரையை அரையோ காலோ கூட்டிக் குறைக்க வேண்டும். அம்மா போன பிறகு அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். எனக்குத் திருமணம் ஆகவில்லை. செங்கல்பட்டில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. எதையும் அதனதன் இடத்தில் வைப்பவள். அன்றாடம் நடப்பதை அன்றே எழுதிவைக்கும் பழக்கமும் உண்டு. ஆனால் இதை எழுதுவதற்காகப் பழைய பக்கங்களைப் புரட்டவில்லை. தேவைப்படவில்லை.

தங்கையைப் பெண் பார்க்க வந்தவர் மாமல்லபுரத்தில் சுற்றுலா வேன் ஓட்டுபவர். அவரிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். நெஞ்சில் தழும்பு இருப்பதை, மாத்திரையை, பிள்ளை பெற்றுக்கொள்ளாமல் இருப்பதே நல்லது என்று டாக்டர் சொன்னதை. கடைசியில், “டிக் டிக்னு சத்தம் வரும். உனக்குத் தூக்கம் வருமா?” என்று கேட்டாள்.

“டீசல் இன்ஜின் மேல தலய வச்சித் தூங்கறவன் நானு” என்றார் அவர்.

நல்ல மனிதர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்பக்கூடம் இருக்கிறது. பகல் முழுக்கக் கல் அறுக்கும் மெஷின் ஓடும். ஜன்னல் கம்பிகளில் வெள்ளைத் தூசி படியும். சாயங்காலம் அதை நிறுத்தியதும் அந்த வீட்டில் முதலில் கேட்பது என் தங்கையின் சத்தம்தான். நான் வேலை முடிந்து மின்சார ரயிலில் ஏறியதும் அவளுக்குப் போன் செய்வேன்.

“மாத்திரை?”

“போட்டாச்சு.”

“சரி, வை.”

வை என்றால் போனை அணைக்கச் சொல்வதல்ல. அவள் போனை நெஞ்சின்மேல் வைப்பாள். மறைமலைநகர் தாண்டும் ரயிலின் இரைச்சலில் நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்பேன். டிக், டிக், டிக். கேட்டதும் இருவரும் வைத்துவிடுவோம். ஆண்டுக்கணக்கில் இது நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சமையலறையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, “அக்கா, தள்ளிப் போயிருக்குது” என்றாள். முகத்தில் பயமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. சிரிப்புதான் அதிகம். மறுநாளே அவளை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். இதய டாக்டர் என் வயதுப் பெண்மணி, சுற்றி வளைத்துப் பேசமாட்டார்.

“இந்த மாத்திரை முதல் மூணு மாசம் குழந்தைக்கு ஆகாது. நிறுத்தினா உன் வால்வுக்கு ஆகாது. அதுக்குப் பதிலா ஊசி இருக்கு, ரெண்டு வேளையும் வயித்துல போட்டுக்கணும். ஆனா வால்வுக்கு மாத்திரை அளவுக்கு அதை நம்ப முடியாது. மூணு மாசத்துக்கு அப்புறம் மாத்திரை, பிரசவம் நெருங்கும்போது மறுபடி ஊசி. எந்த இடத்துல தப்பினாலும் ஒண்ணு நீ, இல்லாட்டி குழந்தை. என்னைக் கேட்டா இப்பவே கலைச்சிடறதுதான் உனக்கு நல்லது.”

“வழி கீதுன்னு சொன்னீங்களே மேடம்” என்றாள் தங்கை.

“நல்ல வழின்னு சொல்லலையே.”

“கீதுல்ல?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் அதற்குள் புடவைத் தலைப்பை வயிற்றின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஊசி போடக் கணவர் கற்றுக்கொண்டார். மலைப்பாதையில் வேன் ஓட்டுகிறவர் அந்தச் சின்ன ஊசியை முதலில் ஒரு வாழைக்காயில் குத்திப் பழகினார். வயிற்றில் ஊசி இறங்கிய இடமெல்லாம் கருநீலமாகக் கன்றிப்போனது. “உள்ளே புள்ள வளருதோ இல்லையோ, மேல நாவப்பழம் காய்ச்சிகினு கீது” என்று போனில் சொன்னாள். மூன்று மாதம் அப்படியே போனது. ஸ்கேனில் குழந்தைக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஊசியை நிறுத்தி மாத்திரைக்குத் திரும்பினாள். மிச்சமிருந்த ஊசிகளை நான் வாங்கி வந்து என் அலமாரியில் வைத்தேன், பிரசவ நேரத்தில் தேவைப்படும் என்று. அந்த நாட்களில் மட்டும் இது நல்லபடியாக முடிந்துவிடும் என்று நானும் நம்பினேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. அம்மா இல்லாததால் தாய்வீட்டுச் சீராக வளையலையும் ஐந்துவகைச் சாதத்தையும் நான்தான் எடுத்துப் போனேன். கல்யாணம் ஆகாதவள் வளையல் போடக் கூடாது என்பதால், பெட்டியைப் பிடித்துக்கொண்டு மணைக்குப் பக்கத்தில் நின்றேன். தங்கை மாலையும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தாள். கைகள் லேசாக வீங்கியிருந்தன. பக்கத்து வீட்டுக்காரி, உரத்த குரலும் நல்ல மனசும் உள்ளவள், வளையலைத் தள்ளிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“இன்னாம்மா, வளையல் சின்னதா கீதா, உன் தங்கச்சி கை பெருசா கீதா?”

“கைதான் பெருசு. புருஷன அடிச்சி அடிச்சி வீங்கிப் போச்சு” என்றாள் தங்கை. பெண்கள் சிரித்தார்கள். வாசலில் பந்தல்காலில் சாய்ந்திருந்த கணவரும் சிரித்தார்.

“கைய ஒடுக்குடி. எலும்பே இல்லாத மாறி வுடு” என்று சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரி அழுத்தினாள். கண்ணாடி வளையல் மணிக்கட்டில் நொறுங்கியது. சிரிப்பு நிற்பதற்குள் ரத்தம் வந்தது.

சின்னக் கீறல்தான். வேறொரு பெண்ணாக இருந்தால் மஞ்சளை அப்பிவிட்டு அடுத்த வளையலைப் போட்டிருப்பார்கள். தங்கைக்கு மஞ்சள் கரைந்து வழிந்தது. கைத்துண்டு நனைந்தது. மாலையில் இருந்த சாமந்தியில் பட்டது. மாமியார் பதறிப்போனார். திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்; என் தங்கையை ஒரு நாளும் முகம் சுளித்துப் பேசாதவர்.

“இன்னாம்மா இது, நிக்கவே மாட்டேங்குது?”

“அந்த மாத்திரை போடறதால அத்தை. ஒண்ணும் ஆகாது. அழுத்திப் பிடிச்சா நின்னுடும்” என்று சொல்லி நான் துணியை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சாதம் பரிமாறி முடிக்கும் வரையில் பிடித்திருந்தேன். நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் பந்திக்கு உட்கார்ந்த பெண்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்தி சொன்னது எனக்கும் கேட்டது, தங்கைக்கும் கேட்டது.

“ஒரு வளையல் கீறுனதுக்கே இம்மா ரத்தம். புள்ள பொறக்கறப்போ இன்னா ஆவும்?”

பிரசவத்துக்கு முன்பே மாத்திரையை நிறுத்தி ஊசிக்கு மாற்றுவார்கள், ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் எல்லாம் நடக்கும் என்று நான் விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். காயம் ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, மீதி வளையல்களைச் சோப்பு நுரை தடவிப் போட்டார்கள். இரண்டு கையிலும் முழங்கைக்குப் பாதி வரை, பச்சையும் சிவப்புமாக.

சடங்குக்காக ஓர் இரவு என் வீட்டில் தங்கினாள். அதன் பிறகும் இங்கேயே இருக்கட்டும், ஆஸ்பத்திரி பக்கம் என்று கேட்டுப் பார்த்தேன். “நீ வேலைக்குப் போய்டுவ. பகல்ல இவளுக்கு இன்னான்னா ஆரு கீறாங்க?” என்று மாமியார் கேட்டார். மறுநாள் தங்கையின் பையை நானே கட்டிக்கொடுத்தேன். திரும்பிப் போனாள்.

வழக்கம்போல் ரயிலில் இருந்து போன் செய்தேன்.

“மாத்திரை?”

“போட்டாச்சு.”

“சரி, வை.”

போனை நெஞ்சில் வைத்தாள். கை அசைந்ததில் வளையல்கள் குலுங்கின. அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை.

“வளையல் சத்தம்தான்டி கேக்குது.”

“உள்ள இருக்கறவங்களுக்கும் அதான் கேக்குதாம். அதுக்குத்தானே போட்டாங்க” என்று சிரித்தாள்.

குழந்தை கேட்பதற்காகத்தான் வளையல் போடுகிறார்கள். பிரசவம் வரைக்கும் கழற்றக் கூடாது. அடுத்தடுத்த நாட்களிலும் போனில் எனக்கு அதுதான் கேட்டது. அந்த வீட்டிலும் அப்படித்தான். மெஷின் நின்ற பிறகும், அவள் பாத்திரம் எடுத்தால், தலை வாரினால், தூக்கத்தில் புரண்டால் வளையல்தான். தங்கையின் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்ததை அவள் கணவரும் கவனிக்கவில்லை.

அவள் மாத்திரையை நிறுத்தியிருந்தாள். பின்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளே சொன்னாள். வளைகாப்புக்குப் பிறகு ஈறில் கொஞ்சம் ரத்தம் வந்திருக்கிறது. மணிக்கட்டுக் காயம் தண்ணீர் பட்டு மறுபடி கசிந்திருக்கிறது. தன் உடம்பில் ரத்தம் தங்காவிட்டால் குழந்தைக்கும் தங்காது என்று நினைத்துக்கொண்டாள். “கொஞ்ச நாளு வுட்டுப் புடி, காயம் ஆறட்டும்” என்று மாமியாரும் சொல்லியிருக்கிறார். அட்டையில் இருந்து தினமும் ஒரு மாத்திரையைப் பிரித்து வாசல் சாக்கடையில் போட்டிருக்கிறாள். எண்ணிப் பார்த்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று தெரியும் அவளுக்கு.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போக நான் நாள் குறித்திருந்தேன். அதற்கு முன்பே ஒரு காலையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. வயிறு மேலே ஏறினால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள் அக்கம்பக்கத்தினர். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். உதடு கறுத்ததைப் பார்த்த பிறகுதான் கணவர் வேனை எடுத்தார். எனக்கு ரயிலில் போன் வந்தது.

“அக்கா, திருக்கழுக்குன்றம் தாண்டி வந்துகினே கீறோம். நீங்க ஆஸ்பத்திரியாண்ட வந்துடுங்க. பேச மாட்டேங்குறா.”

அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்துத் திரும்பினேன். வேன் வந்து நின்றபோது அவள் சுற்றுலாப் பயணிகள் உட்காரும் சீட்டில் இரண்டு கையையும் ஊன்றி, குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் ஏறி அவள் வளையல்களை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து அமர்த்திவிட்டு, முதுகில் காதை வைத்தேன். மூச்சின் கொரகொரப்பு கேட்டது. வேகமாக ஏதோ துடிப்பதும் கேட்டது. டிக் என்பது இல்லை.

“வால்வு சத்தம் வரலை” என்றுதான் டாக்டரிடம் முதலில் சொன்னேன். அவரும் கேட்டுப் பார்த்துவிட்டு அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். வால்வின் மேல் ரத்தம் கட்டி ஒரு பக்கம் அசையாமல் நின்றுவிட்டதாக ஸ்கேனில் தெரிந்தது. குழந்தையின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. மெதுவாக. இந்த நிலைமையில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தால் தாய் மேசையிலேயே போய்விடுவாள், முதலில் கட்டியைக் கரைக்க மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை, கணவர் போட்டார். படித்துப் பார்த்துப் போடுங்கள் என்று நான் சொன்னதற்கு, “இன்னா படிக்கறது?” என்றார்.

மருந்து ஏற்றும் ஊசியைக் குத்த நர்ஸ் வந்தார். வளையல் இடைஞ்சலாக இருந்தது. கை வீங்கியிருந்ததால் கழலவில்லை. நர்ஸ் கத்தரிக்கோலின் பிடியால் தட்டி உடைக்கப் போனார். மாமியார் குறுக்கே விழுந்தார்.

“ஒடைக்காதம்மா! வயித்துப் புள்ளக்காரி கையில ஒடைக்கக் கூடாது. தாலிக்கு ஆவாது. உன் கால வேணா புடிக்கிறேன்.”

“இவங்க உயிரு போய்கினு கீது, நீங்க வளையலப் பேசறீங்க!” என்று நர்ஸ் சத்தம் போட்டார்.

வயிற்றில் ஸ்கேன் செய்யத் தடவும் வழவழப்பான பசை டப்பா அங்கே இருந்தது. அதை எடுத்துத் தங்கையின் கையில் பிதுக்கி, வளையல்களை ஒவ்வொன்றாக நான் கழற்றினேன். எப்படிக் கழற்றினேன் என்று இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது, ஒன்றுகூட உடையவில்லை. கழற்றியவற்றை மாமியாரின் மடியில் போட்டேன். அவர் பசையோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

மறுநாள் மதியம், வார்டில் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம். நர்ஸ் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, காலையில் மறுபடி ஸ்கேன் பார்த்ததையும் குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்பதையும் சொன்னார். இன்னும் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, நீங்கள் பக்குவமாகச் சொல்லுங்கள் என்றார். நான் திரும்பி உள்ளே போனேன். தங்கை கண் மூடியிருந்தாள். கணவர் கட்டிலோரம் குனிந்து அவள் நெஞ்சருகே தலையை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை அசைத்துக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, வந்து கேளுங்க. கேக்குது! நல்லா கேக்குது!”

குனிந்து கேட்டேன். டிக், டிக், டிக். பழையபடி தெளிவாக. எத்தனையோ ஆண்டுகள் ரயிலில் காதைப் பொத்திக்கொண்டு கேட்ட சத்தம். முந்தைய நாள் முழுவதும் அதற்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். அது வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

“ஆமா, கேக்குது” என்றேன். அவரை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னேன்.

சில நாட்கள் கழித்துப் பிரசவ வலி வரவைத்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண். நகம்கூட முளைத்திருந்தது. தங்கை பார்க்க வேண்டும் என்றாள், காட்டினார்கள். அவள் குழந்தையின் மணிக்கட்டைத்தான் பிடித்துப் பார்த்தாள். கணவர் துணியில் சுற்றி எடுத்துப்போய் ஊரில் சவுக்குத்தோப்பை ஒட்டிப் புதைத்துவிட்டு வந்தார். வந்தவர் வேனைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார் என்று மாமியார் சொன்னார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

“இது போதும். இன்னொரு தடவை வேண்டாம். இந்த வால்வு இப்ப ஓடுதுன்னு நம்பி எதுவும் செய்யக் கூடாது. கருத்தடை பண்ணிடலாம்.”

“பண்ணிடுங்க” என்றார் கணவர்.

தங்கை தன் மணிக்கட்டில் காய்ந்திருந்த தழும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “இப்ப ஒடம்பு தாங்காது மேடம். அப்பால பாக்கலாம்” என்றாள். டாக்டர் அதை உடம்பைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொண்டு, சரி, தேறிவிட்டு வாருங்கள் என்றார். அவள் போகவில்லை. கேட்டபோதெல்லாம் ஒரு காரணம் இருந்தது. கணவரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். நான் ஓயவில்லை, அதனால் பலன் இல்லை.

மாத்திரையை இப்போது ஒழுங்காகப் போடுகிறாள். போனை நெஞ்சில் வைக்கும்போது ஒவ்வொரு டிக்கும் தனித்தனியாகக் கேட்கிறது. மாமியார் என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் செய்ததை வைத்துக்கொண்டு யாரை என்ன கேட்பது?

போன மாதம் அவளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போய்விட்டு வீட்டில் கொண்டுவிடப் போனேன். பக்கத்து வீட்டுக்காரியின் மகளுக்கு அன்று வளைகாப்பு. மைக்கில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் பார்த்ததுமே தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நானும் பின்னால் போனேன். கர்ப்பிணிக்கு வளையல் போட்டு முடித்து எழுப்பியதும், பக்கத்து வீட்டுக்காரி அந்த மணையைக் காட்டினாள். பிள்ளை இல்லாதவளை அந்தச் சூடு ஆறுவதற்குள் மணையில் உட்கார வைத்து வளையல் போட்டால் சீக்கிரம் உண்டாகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

“வாடி, வந்து குந்து. அடுத்த வளைகாப்பு உன்னுதுதான்.”

“அவளுக்கு வேணாங்க” என்றேன் நான்.

“நீ சும்மா இரும்மா. நல்ல காரியத்துல வேணாம் வேணாம்னுகினு.”

பக்கத்து வீட்டுக்காரியின் கண்கள் கலங்கியிருந்தன. அன்று உடைந்த வளையலை அவள்தான் போட்டாள். அதை அவள் மறக்கவில்லை. எப்படியாவது ஈடு செய்ய நினைத்தாள் போலிருக்கிறது. மாமியார் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. புடவையைக் கூட்டிப் பிடித்து மணையில் உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

“பாத்து மெதுவாப் போடுங்க. ஒடஞ்சா நிக்காது” என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

பெரிய அளவு வளையல்களாகப் பார்த்துப் போட்டார்கள். ஒன்றும் உடையவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் சிற்பக்கூடத்தில் மெஷினை நிறுத்தினார்கள். அவள் என் எதிரிலேயே மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். நாக்கை நீட்டிக் காட்டினாள். நான் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டும்போது, வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்தன.

“அக்கா, அந்த ஊசி மிச்சம் இருந்துதே. வச்சிக்கினு கீறியா, தூக்கிப் போட்டுட்டியா?”

“எதுக்குக் கேக்கறே?”

“சும்மா கேட்டேன்.”

“போட்டுட்டேன்” என்றேன்.

அவள் தலையாட்டினாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை. நான் எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்த்தேன். வைத்த இடத்திலேயே இருந்தன. பெட்டியைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் படித்தேன். அது வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.